நியூயார்க் நகரம் பாட்டில் பிரிப்பதை நிறுத்திய கதை

2002ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதியிலிருந்து கண்ணாடி பாட்டிலையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் சாதாரணக் குப்பையோடு சேர்த்தே போடலாம் என்று நியூயார்க் நகர நிர்வாகம் தன் மக்களுக்குச் சொல்லிவிட்டது. அதற்கு முன்பு பத்து வருடத்துக்கும் மேலாக, சேர்த்துப் போட்டால் அபராதம் என்று மிரட்டிக்கொண்டிருந்ததும் இதே நிர்வாகம்தான்! ஒரு பெரிய நகரம் குப்பை பிரிப்பதைத் தொடங்குவது செய்தி. தொடங்கி, மக்களுக்குப் பழக்கி, பிறகு 'வேண்டாம், விட்டுவிடுங்கள்' என்று சொல்வது அதைவிடப் பெரிய செய்தி. இரண்டே வருடத்தில் 'மறுபடியும் பிரியுங்கள்' என்றும் சொன்னார்கள். இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் எங்கே பிசகு நேர்ந்தது என்று பார்ப்போம்.

முதலில் குப்பை எங்கே போய்க்கொண்டிருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டேட்டன் தீவில் ஃப்ரெஷ் கில்ஸ் என்று ஓர் இடம். 1948ல் 'சில வருடங்களுக்கு மட்டும்' என்று சொல்லித் திறக்கப்பட்ட குப்பைக் கிடங்கு அது. சில வருடம் ஐம்பது வருடமாக நீண்டது. சுமார் 2,200 ஏக்கர் பரப்பு. 1980களின் நடுவில் நாளொன்றுக்கு 29,000 டன் வரை அங்கே கொட்டப்பட்டது. தீவு மக்கள் நாற்றம் தாங்காமல் பல வருடம் போராடியபின், மேயர் ரூடி ஜூலியானியும் மாநில ஆளுநர் ஜார்ஜ் படாகியும் 1996ல் அதை மூடுவது என்று முடிவெடுத்தார்கள். 2001 மார்ச்சில் கடைசி பார்ஜ் (எஞ்சின் இல்லாமல் இன்னொரு படகு இழுத்துச் செல்லும் தட்டைப் படகு) அங்கே வந்து குப்பையை இறக்கியது. அதோடு கதவு சாத்தப்பட்டது. அதே வருடம் செப்டம்பரில் இடிந்த உலக வர்த்தக மையத்தின் இடிபாடுகளுக்காக மட்டும் அந்தக் கதவு மீண்டும் திறந்தது.

சொந்தமாகக் கிடங்கு இல்லாத நகரம் என்ன செய்யும்? அடுத்தவன் ஊருக்கு அனுப்பும். பென்சில்வேனியா, விர்ஜீனியா என்று லாரி லாரியாகக் குப்பை போனது. ஒவ்வொரு டன்னுக்கும் பணம் கட்ட வேண்டும். கிடங்கு கையில் இருந்தவரை குப்பையின் விலை யார் கண்ணுக்கும் படவில்லை. மூடிய பிறகுதான் பில் வந்தது.

இந்த நேரத்தில்தான் மைக்கேல் ப்ளூம்பெர்க் மேயராகிறார். 2002 ஜனவரியில் பதவியேற்றவர் முன்னால் இருந்தது செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய நகரம். பட்ஜெட்டில் கிட்டத்தட்ட 500 கோடி டாலர் துண்டு விழுந்தது. எங்கெங்கே வெட்டலாம் என்று தேடியபோது கண்ணில் பட்டது மறுசுழற்சி. உலோகம், கண்ணாடி, பிளாஸ்டிக் மூன்றையும் தனியாக எடுப்பதை 18 மாதம் நிறுத்திவைப்பது என்று பிப்ரவரியில் தன் முதல் பட்ஜெட் திட்டத்தில் சொன்னார். பேப்பர் மட்டும் தொடரும். (பேப்பர் ஏன் தப்பியது என்பதுதான் இந்தக் கதையின் சாவி. அதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.)

மேயர் வியாபாரி. ப்ளூம்பெர்க் என்ற நிதித் தகவல் நிறுவனத்தையே கட்டியவர். அவர் வாதம் எளிமையானது. இந்த மூன்றையும் தனி லாரியில் எடுத்துப் போய், பிரித்துத் தரும் தனியார் கம்பெனிக்கு டன்னுக்கு இவ்வளவு என்று பணமும் தருகிறோம். அந்தக் கம்பெனிகள் கேட்கும் தொகை, குப்பையாக ஏற்றுமதி செய்யும் செலவைவிட அதிகமாகிவிட்டது. அப்படியும் எடுத்ததில் ஒரு பெரிய பகுதி, குறிப்பாக உடைந்த கண்ணாடி, கடைசியில் குப்பைக் கிடங்குக்குத்தான் போகிறது. பிறகு எதற்கு இந்தச் சடங்கு?

இதை வெறும் பணக்காரப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. கண்ணாடி விஷயத்தில் அவர் சொன்னதில் நிறையவே உண்மை இருந்தது. குப்பை லாரி சரக்கை அழுத்தி நசுக்கும்போது பாட்டில்கள் நொறுங்குகின்றன. பச்சை, பழுப்பு, வெள்ளை எல்லாம் கலந்துபோனால் புதுப் பாட்டில் செய்ய யாரும் வாங்க மாட்டார்கள். கண்ணாடிக்கு மூலப்பொருளோ மணல், அது மலிவு. போதாக்குறைக்கு, நியூயார்க் மாநிலத்தில் 1983 முதல் பீர், சோடா பாட்டில்களுக்கும் கேன்களுக்கும் 5 சென்ட் டெபாசிட் உண்டு. திருப்பிக் கொடுத்தால் காசு. ஆகவே நல்ல விலை போகும் அலுமினியக் கேன்களை, தெருவில் வைத்த பைகளிலிருந்தே ஏழைகள் பொறுக்கிப் போய் விற்றுவிடுவார்கள். நகரத்தின் லாரிக்கு மிஞ்சுவது விலை போகாத சரக்கு. நம் ஊர்ப் பழைய பேப்பர்க்காரர் நல்லதை எல்லாம் எடைக்கு எடுத்துக்கொண்டு போனபின் தொட்டியில் கிடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதுவும் தவிர, மறுசுழற்சியே வீண் என்ற வாதத்துக்கு அந்த ஊரில் ஆதரவாளர்கள் இருந்தார்கள். 1996ல் ஜான் டியர்னி என்பவர் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய நீண்ட கட்டுரை பெரும் சண்டையைக் கிளப்பியிருந்தது. இடத்துக்குப் பஞ்சமில்லை, புதைப்பதே மலிவு என்பது அவர் கட்சி.

எதிர்த் தரப்பின் கையில் இருந்தது ஒரு சட்டம். 1989ல் நகர கவுன்சில் நிறைவேற்றிய உள்ளூர்ச் சட்டம் எண் 19. அது வந்ததற்கு ஒரு பார்ஜுக்கும் பங்கு உண்டு! 1987ல் லாங் தீவின் குப்பை 3,000 டன்னுக்கு மேல் ஏற்றிக்கொண்டு 'மோப்ரோ 4000' என்ற பார்ஜ் கிளம்பியது. வட கரோலினாவில் இறக்க விடவில்லை. லூசியானாவும் வேண்டாம் என்றது. மெக்சிகோ, பெலீஸ் வரை போய்ப் பார்த்தார்கள், எல்லோரும் விரட்டினார்கள். மாதக்கணக்கில் கடலில் அலைந்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, புரூக்ளினில் எரிக்கப்பட்டது. தினமும் டிவியில் அந்தப் பார்ஜைப் பார்த்த அமெரிக்கர்களுக்குக் குப்பை ஒரு பிரச்சினை என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டே வருடத்தில் நியூயார்க்கில் சட்டம் வந்தது. ஐந்து வருடத்துக்குள் குப்பையில் 25 சதவீதத்தைப் பிரித்தெடுக்க வேண்டும் என்பது இலக்கு. நகரம் அதை எட்டவில்லை. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டு, நீதிமன்றம் சட்டத்தை மதிக்கச் சொன்னபின்தான் திட்டம் ஐந்து பெருநகரப் பகுதிகளுக்கும் ஒழுங்காகப் பரவியது.

இவ்வளவு கஷ்டப்பட்டு வந்ததை விடுவார்களா? கவுன்சிலுக்கும் மேயருக்கும் பேரம் நடந்தது. முடிவில் உலோகம் தொடரும், பிளாஸ்டிக்கை ஒரு வருடமும் கண்ணாடியை இரண்டு வருடமும் நிறுத்திவைப்பது என்று சமரசம். சுமார் 4 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்கு.

இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம்.

குப்பை எடுப்பதில் பெரிய செலவு லாரியும் அதில் வேலை செய்யும் இரண்டு பேரின் சம்பளமும். லாரி நிரம்பி வந்தாலும் பாதி காலியாக வந்தாலும் ஒரு நாள் ஓட்டத்துக்கு ஆகும் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு லாரி ஒரு நாளில் 10 டன் எடுக்கிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் சோம்பலாகப் பிரித்தால் அதே தெருக்களைச் சுற்றி 5 டன்தான் கிடைக்கும். உடனே 'டன்னுக்கு ஆகும் செலவு' இரட்டிப்பாகிவிடும். காகிதத்தில் பார்த்தால் மறுசுழற்சி பயங்கர விலை! மக்கள் ஒழுங்காகப் பிரித்தால் அதே லாரி, அதே சம்பளம், ஆனால் டன் செலவு பாதி. ஆக, மறுசுழற்சி விலை அதிகமா குறைவா என்பது, எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நிறுத்தினால் இந்த எண்ணிக்கைதான் முதலில் விழும்.

விழவும் செய்தது. நிறுத்துவதற்கு முன் வீட்டுக் குப்பையில் ஐந்தில் ஒரு பங்கு வரை பிரிக்கப்பட்டு வந்தது. அடுத்த வருடத்தில் அது ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. தடை செய்யப்படாத பேப்பரையும் உலோகத்தையும்கூட மக்கள் ஒழுங்காகப் பிரிக்கவில்லை. எது உண்டு, எது இல்லை என்று யாருக்கும் நிச்சயமில்லை. 'எல்லாமே ஒரே லாரியில்தான் போகிறதாம்' என்று கேள்விப்பட்டவர்கள் பிரிப்பதையே விட்டுவிட்டார்கள்.

இன்னொரு பக்கம், மறுசுழற்சி லாரியிலிருந்து இறங்கிய பாட்டில்கள் காற்றில் கரைந்துவிடவில்லை. குப்பை லாரியில் ஏறின. குப்பை லாரிகள் கூடுதல் நடை போக வேண்டியிருந்தது. அந்த டன்களுக்கும் சேர்த்து வெளி மாநிலத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும், அந்தக் கட்டணமோ ஏறிக்கொண்டே போனது. ஒரு பாக்கெட்டில் மிச்சம் பிடித்ததை இன்னொரு பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்ததுதான் மிச்சம்.

வெறும் பணம் மட்டும் அல்ல. வெளியூர் போகும் குப்பை முதலில் நகருக்குள்ளேயே சில இடங்களில் லாரி மாற்றி ஏற்றப்படும். அந்த இடங்கள் பெரும்பாலும் தெற்கு பிராங்க்ஸிலும் புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க், கிரீன்பாயிண்ட் பக்கமும் இருந்தன. ஏழைகளும் வந்தேறிகளும் அதிகம் வாழும் பகுதிகள். டீசல் புகையை யார் சுவாசித்தார்கள் என்பது எந்தப் பட்ஜெட் கணக்கிலும் ஏறவில்லை.

இங்கே சற்றுப் பின்னால் போய் வரலாம், நூறு வருடம் பின்னால். 1895ல் இதே நகரத்தின் துப்புரவுத் துறைக்கு ஜார்ஜ் வாரிங் என்ற கர்னல் தலைவரானார். குதிரைச் சாணியில் முழங்கால் வரை புதைந்து கிடந்த தெருக்களைச் சுத்தம் செய்தவர் என்று பெயர். துப்புரவுத் தொழிலாளிகளுக்கு வெள்ளைச் சீருடை கொடுத்து ஊர்வலம் நடத்தியவரும் இவர்தான். வீட்டிலேயே சாம்பல், உணவுக்கழிவு, மற்ற குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னார். உணவுக்கழிவை பேரன் தீவு என்ற இடத்தில் வேகவைத்துக் கொழுப்பும் உரமும் எடுக்க ஒரு கம்பெனிக்கு 1896ல் ஐந்து வருட ஒப்பந்தம் போடப்பட்டது. அந்தக் காலத்தில் குப்பைப் படகுகளில் ஏறி எலும்பு, கந்தல், உலோகம் பொறுக்கும் உரிமைக்காகக் குத்தகைக்காரர்கள் நகரத்துக்குப் பணம் கட்டினார்கள். ஆமாம், அவர்கள் நகரத்துக்குக் கட்டினார்கள்!

1898ல் ஆட்சி மாறியது, வாரிங் போனார். அதே வருடம் கியூபா போய்த் திரும்பி மஞ்சள் காய்ச்சலில் இறந்தும் போனார். அவர் ஏற்படுத்திய ஒழுங்கு தளர்ந்தது. பிறகு நகரம் தன் குப்பையைக் கடலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. நியூ ஜெர்சி மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1934ல் அதை நிறுத்த வேண்டியிருந்தது. ஓர் அதிகாரியை நம்பி மட்டும் நின்ற ஏற்பாடு அவரோடு போயிற்று. 2002ல் இருந்த ஏற்பாடும் ஒரு விதத்தில் அப்படித்தான்: குறுகிய கால ஒப்பந்தங்கள், பட்ஜெட் நெருக்கடி வரும்போதெல்லாம் ஆட்டம் காணும் திட்டம். டேவிட் டிங்கின்ஸ் மேயராக இருந்த 1990களின் தொடக்கத்திலும், பணமுடை வந்ததும் மறுசுழற்சியில்தான் கை வைக்கப் பார்த்தார்கள்.

அப்படியானால் பேப்பர் எப்படித் தப்பியது?

1997ல் ஆஸ்திரேலியாவின் விஸி நிறுவனம் ஸ்டேட்டன் தீவிலேயே ஒரு காகித ஆலையைத் திறந்தது. நகரத்தின் பழைய பேப்பரில் ஒரு பெரிய பங்கைத் தொடர்ந்து தருவோம் என்று நகரம் நீண்ட கால ஒப்பந்தம் போட்டுக் கொடுத்திருந்தது. அந்த உறுதியை நம்பி ஆலை கட்டப்பட்டது. மன்ஹாட்டனில் எறிந்த பேப்பர் பார்ஜில் ஏறி, சில மைல் தள்ளி அட்டைப்பெட்டிக்கான காகிதமாக மாறியது. நகரம் பணம் கொடுப்பதற்குப் பதில் வாங்கிக்கொண்டிருந்தது. எந்த மேயர் இதை நிறுத்துவார்? ஒரே நகரம், ஒரே துப்புரவுத் துறை, ஒரே மக்கள்தான். பேப்பருக்குப் பக்கத்திலேயே ஓர் ஆலை இருந்தது. பாட்டிலுக்கு இல்லை.

பாட்டிலுக்கு ஆலை கட்ட ஏன் யாரும் வரவில்லை? ஓரிரு வருடத்தில் முடியும் ஒப்பந்தத்தை நம்பிக் கோடிகளைப் போட எவனுக்கும் பைத்தியமில்லை. பழைய இயந்திரம், நிறைய ஆள் கூலி, லாரிப் போக்குவரத்து என்று சமாளிப்பார்கள். சந்தை விலை விழுந்தால் நஷ்டம் என்ற பயத்தையும் சேர்த்து விலை கேட்பார்கள். அந்த விலையைப் பார்த்து 'மறுசுழற்சியே கட்டுப்படியாகாது' என்று நகரம் சொன்னது. குறுகிய ஒப்பந்தத்தின் விலையை மறுசுழற்சியின் விலை என்று எடுத்துக்கொண்டார்கள். பிசகு இங்கேதான்.

திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நிறுத்திவைப்பின்போது தொடர்ந்த உலோகத்தை வாங்கியது ஹியூகோ நியூ என்ற கம்பெனி. கப்பல் கப்பலாகப் பழைய இரும்பு ஏற்றுமதி செய்யும் பிரம்மாண்டமான காயலான் கடை என்று சொல்லலாம். துறைமுகம் அவர்கள் கையில், பார்ஜும் உண்டு. 2003 தொடக்கத்தில் நகரம் மறுபடி டெண்டர் விட்டபோது, உலோகத்தோடு பிளாஸ்டிக்கையும் எடுத்துக்கொண்டு, டன்னுக்கு 5 டாலருக்குச் சற்று மேல் தாங்களே நகரத்துக்குத் தருவதாகச் சொன்னார்கள்! மற்றவர்கள் எல்லாம் நகரத்திடம் பணம் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. 2003 ஜூலையில் பிளாஸ்டிக் திரும்பியது, ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் லாரி. 2004 ஏப்ரலில் கண்ணாடியும் சேர்ந்து வாராந்தர லாரியும் திரும்பியது. கண்ணாடி சேர்ந்ததும் நகரம்தான் மறுபடி பணம் தர வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரும்பு வியாபாரியாலும் உடைந்த கண்ணாடியைத் தங்கமாக்க முடியாது. ஆனாலும் தொகை 2002ல் மிரட்டிய அளவுக்கு இல்லை.

அதே 2004ல் ப்ளூம்பெர்க் அறிவித்ததுதான் முக்கியமானது. நிறுத்தச் சொன்ன அதே மேயர், ஹியூகோ நியூவோடு 20 வருட ஒப்பந்தம் போடப்போவதாகச் சொன்னார். தன் கணக்கு தவறு என்று வெளிப்படையாகச் சொன்னாரா இல்லையா என்பது கிடக்கட்டும், செய்கையில் சொல்லிவிட்டார். 2005ல் அந்தத் தொழிலை சிம்ஸ் நிறுவனம் வாங்கியது. பேச்சுவார்த்தை இழுத்து, 2008ல்தான் கையெழுத்து ஆனது. நகரம் சரக்கைத் தர வேண்டும், கம்பெனி புரூக்ளினின் சன்செட் பார்க் கடலோரத்தில் நவீன ஆலை கட்ட வேண்டும். இரண்டு தரப்பும் சேர்ந்து 10 கோடி டாலருக்கு மேல் போட்டன. சந்தை விலை ஏறினால் நகரத்துக்கும் பங்கு உண்டு.

ஆலை 2013 டிசம்பரில் திறந்தது. 11 ஏக்கர். பிராங்க்ஸிலிருந்தும் குயின்ஸிலிருந்தும் சரக்கு பார்ஜில் வருகிறது, அத்தனை லாரி ஓட்டம் மிச்சம். கடல் மட்டம் உயரும் என்று கணித்து முன்கூட்டியே தரையைச் சுமார் நான்கு அடி உயர்த்தியிருந்தார்கள். 2012ல் சாண்டி புயல் வந்தபோது அந்த உயரம் காப்பாற்றியது. தரையை உயர்த்தக் கொட்டியதில் சுரங்க ரயில் பாதை தோண்டிய பாறையோடு, மறுசுழற்சியில் வந்த கண்ணாடித் தூளும் இருந்தது. யாருக்கும் வேண்டாம் என்று 2002ல் தள்ளிய அதே கண்ணாடிதான்!

2013லேயே பாட்டில் மட்டுமல்லாமல் கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா, வாளி, பொம்மை எல்லாவற்றையும் போடலாம் என்று பட்டியல் நீண்டது. ஆனால் மக்களின் பழக்கம் அவ்வளவு சுலபமாகத் திரும்பவில்லை. நிறுத்திப் பத்து வருடம் ஆனபிறகும் பிரிக்கும் விகிதம் பழைய ஐந்தில் ஒரு பங்கை எட்டவில்லை. நான்கு கோடி டாலர் கணக்கில் இந்தச் செலவுக்கு என்று ஒரு பத்தியே கிடையாது.

நீண்ட ஒப்பந்தத்தின் பலன் தெரிந்தது 2018ல். உலகத்தின் பழைய பிளாஸ்டிக்கையும் பேப்பரையும் வாங்கிக்கொண்டிருந்த சீனா அந்த வருடம் கதவை மூடியது. அமெரிக்க நகரங்கள் திண்டாடின. பல சிற்றூர்கள் திட்டத்தையே கைவிட்டன. பிலடெல்பியா 2019 தொடக்கத்தில், மக்கள் பிரித்துத் தந்ததில் பாதியை எரித்துக்கொண்டிருந்தது. நியூயார்க்குக்கும் அடி விழுந்தது, விலைகள் சரிந்தன. ஆனால் திட்டம் நிற்கவில்லை. பேப்பருக்கு ஸ்டேட்டன் தீவு ஆலை இருந்தது (அப்போது விஸியின் சகோதர நிறுவனமான பிராட் என்ற பெயரில்), பாட்டிலுக்கு சன்செட் பார்க்.

இதற்குப் பிறகாவது நகரம் கற்றுக்கொண்டிருக்கும் என்று நினைப்பீர்கள். 2020 மே மாதம், கொரோனாவால் பட்ஜெட்டில் மறுபடி துண்டு விழுந்தபோது, அப்போதைய மேயர் பில் டி பிளாசியோவின் நிர்வாகம் வீடுகளில் உணவுக்கழிவைத் தனியாக எடுக்கும் பழுப்புத் தொட்டித் திட்டத்தை நிறுத்தியது. அந்தத் திட்டத்துக்கும் நகரம் முழுக்கப் பரவலோ, நெடுங்கால ஏற்பாடோ இருக்கவில்லை, லாரிகள் பாதி காலியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த வருடம் சில பகுதிகளில் அது திரும்ப வந்தது. உணவுக்கழிவைத் தனியாகப் போடுவது நகரம் முழுவதும் கட்டாயமானது 2024 அக்டோபரில்.